பொழுதுபோக்குக்கு ஒரு சொந்தத் தளம்: மென்பொருள்காரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பகலெல்லாம் கோடு எழுதுகிறவர்களுக்கு வார இறுதியில் வேறொரு வாழ்க்கை இருக்கும். ஒருவருக்கு மாடித்தோட்டம், ஒருவருக்கு சைக்கிள், இன்னொருவருக்குப் பழைய ரேடியோ. அதையெல்லாம் சொந்த வெப்சைட்டில் எழுதி வைக்க ஆசைப்பட்டு என்னிடம் வந்த நண்பர்கள், அலுவலகத் தோழர்கள் பலருடன் உட்கார்ந்து தளம் போட்டிருக்கிறேன். தொழில்நுட்பம் தெரியாமல் தடுமாறியவர் அவர்களில் ஒருவரும் இல்லை. வேலைகளை வரிசை மாற்றிச் செய்ததால்தான் தடுமாறினார்கள்.

இங்கே பறவை பார்க்கும் குறிப்பேட்டை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்கிறேன். நான் செய்வது அது. உங்கள் பொழுதுபோக்கு எதுவானாலும் படிகள் இவைதான். இரண்டு வார இறுதிகள் ஒதுக்குங்கள். டெர்மினலும், கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியும் ஓரளவு பழக்கம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. எதையும் இன்ஸ்டால் செய்யும் முன் ஐந்து குறிப்புகள் எழுதுங்கள்

இது முதல் படி. தவறாமல் எல்லோரும் தாண்டிப் போகும் படியும் இதுதான். தீம் தேடுவது, ஃபான்ட் பார்ப்பது, டார்க் மோடு சேர்ப்பது என்று மூன்று வாரம் போகும். தளம் தயாராகும்போது போடுவதற்கு ஒரு குறிப்புகூட இருக்காது. அப்புறம் 'வணக்கம் உலகம்' என்ற ஒரே பக்கத்தோடு தளம் நின்றுவிடும்.

சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதுங்கள். என் குறிப்பு ஒன்று இப்படி இருக்கும்:

"2025-01-12, ஞாயிறு, காலை 6:40 முதல் 7:15 வரை. மொட்டை மாடி. லேசான பனி. தவிட்டுக்குருவி 7, மைனா 4, ஊதாத் தேன்சிட்டு 2, செம்போத்து 1, குரல் மட்டும். ஆண் தேன்சிட்டு தண்ணீர்த் தொட்டிக் குழாயில் சொட்டிய நீரைப் பறந்தபடியே குடித்தது. 6:58-க்கு மறுபடி வந்தது."

இப்படி ஐந்து எழுதியதும் தளத்தின் வடிவம் தானாகத் தெரிந்துவிடும். தேதி, நேரம், இடம், எண்ணிக்கை, கண்ணால் கண்ட ஒரு விஷயம்: இவைதான் எனக்கு ஒவ்வொரு முறையும் வருகின்றன. ஆகவே டெம்ப்ளேட்டில் இவை ஐந்தும் போதும். குறிச்சொல், வகை, தொடர் என்று தீம் தரும் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. குறிப்பு எழுதாமல் இந்த முடிவை எடுத்திருக்க முடியாது.

பறவை பார்ப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. எண்ணிக்கையை, பறவை பார்ப்பவர்கள் கண்டதைப் பதியும் ஈபேர்ட் (eBird) தளத்தில் பதிவு செய்துவிடுங்கள். ஜனவரி தோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் அதில்தான் நடக்கிறது. அங்கே போவது ஆய்வாளர்களுக்குப் பயன்படும். தேன்சிட்டு குழாயில் தண்ணீர் குடித்த கதைக்கு அங்கே இடம் குறைவு, அதற்குத்தான் உங்கள் தளம்.

2. எதை வெளியிட மாட்டீர்கள் என்று எழுதி வையுங்கள்

இதை இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம் கிட். ஒரு படத்தை கமிட் செய்து (மாற்றமாகப் பதிந்து) பொது ரெப்போவுக்கு (யாரும் பார்க்கக்கூடிய கிட் களஞ்சியத்துக்கு) ஏற்றிவிட்டால், மறுநாள் அழித்தாலும் அது வரலாற்றில் இருக்கும். பழைய கமிட்டைத் திறந்து யாரும் எடுக்கலாம். வரலாற்றையே திருத்தி எழுத வழி உண்டு. ஆனால் அதற்குள் யாராவது குளோன் செய்து முழு நகல் எடுத்திருந்தால் பயனில்லை.

என் பட்டியலில் இருப்பவை:

வீட்டின் இடம். 'மொட்டை மாடி' என்று எழுதுவேன், தெருப் பெயர் எழுத மாட்டேன். மாடியிலிருந்து எடுக்கும் படத்தில் எதிர்வீட்டுப் பெயர்ப்பலகை, கடைப் பலகை, வண்டி எண் விழாமல் பார்ப்பேன்.

ஊரில் இல்லாத நாட்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போய்விட்டு மதியம் வருவதைப் பற்றிக் கவலை இல்லை. பத்து நாள் பயணத்தைத் திரும்பி வந்த பிறகுதான் போடுவேன்.

கூடு இருக்கும் இடம். கூடு பார்க்க நாலு பேர் கேமராவோடு வந்தால் தாய்ப்பறவை கூட்டை விட்டுப் போய்விடலாம். ஈபேர்டே சில இனங்களின் இடத்தை மறைத்துத்தான் காட்டுகிறது. நம் தளத்திலும் அதே ஒழுங்கு வேண்டும்.

அலுவலக விஷயம். உங்கள் பணி ஒப்பந்தத்தில் சொந்தப் படைப்புகள் பற்றிய பத்தியை ஒரு முறை படித்துவிடுங்கள். அலுவலக லேப்டாப்பிலோ அலுவலக மின்னஞ்சலிலோ இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். புதியவர்கள் இதில் எப்படி மாட்டுகிறார்கள் என்றால், கிட்டில் பெயரும் மின்னஞ்சலும் ஏற்கெனவே அலுவலகத்துக்காக அமைத்திருக்கும், அதோடு முதல் கமிட்டைப் போட்டுவிடுவார்கள். பொது ரெப்போவின் ஒவ்வொரு கமிட்டிலும் அந்த முகவரி தெரியும். தளத்துக்கான ஃபோல்டரில் தனி மின்னஞ்சலை முதலிலேயே அமையுங்கள். ரெப்போவை வைக்கும் கிட்ஹப் தளம் தரும், உங்கள் சொந்த முகவரியைக் காட்டாத 'நோ ரிப்ளை' முகவரி இதற்குப் பொருத்தமானது.

சைக்கிள்காரர்களுக்கு இன்னொன்று: பாதைக் கோப்பை அப்படியே போட்டால் அது உங்கள் வாசலில் தொடங்கி வாசலில் முடியும். முதல் அரை கிலோமீட்டரையும் கடைசி அரை கிலோமீட்டரையும் வெட்டிவிட்டுப் போடுங்கள்.

3. படங்களைத் தயார் செய்யுங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

மொபைலில் எடுத்த படத்துக்குள் நாள், நேரம், கேமரா மாடல் எல்லாம் பதிந்திருக்கும். இடம் பதியும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகையும் இருக்கும். 'மொட்டை மாடி' என்று மறைத்து எழுதிவிட்டு, படத்துக்குள் வீட்டு முகவரியையே அனுப்பியது போல ஆகிவிடும். எக்சிஃப்டூல் என்ற இலவச நிரல் இவற்றை ஒரே கட்டளையில் நீக்கிவிடும்.

ஆனால் அதை முதலில் ஓட்டாதீர்கள். மொபைலைக் குத்தாகப் பிடித்து எடுத்தாலும் பல மொபைல்கள் படத்தைக் கிடையாகவே சேமித்து, 'இதைத் திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைக்கும். எல்லாத் தகவலையும் நீக்கும்போது அந்தக் குறிப்பும் போகும். செம்போத்து தலை பக்கவாட்டில் கிடக்கும். 'என் லேப்டாப்பில் சரியாக இருந்ததே' என்பார்கள். அவர்கள் பார்த்தது நீக்குவதற்கு முந்தைய படம்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் படத்தை நிஜமாகவே திருப்புங்கள், இமேஜ்மேஜிக் என்ற படம் திருத்தும் நிரலில் இதற்கென்றே தானியங்கித் திருப்பம் உண்டு. அடுத்து அளவைக் குறையுங்கள். கடைசியில் தகவல்களை நீக்குங்கள். மூன்றையும் ஒரு சின்ன ஸ்கிரிப்டில் போட்டு, 'மூலம்' என்ற ஃபோல்டரிலிருந்து எடுத்து 'தளம்' ஃபோல்டரில் வைக்கும்படி எழுதுங்கள். மூலப் படத்தைத் தொடவே கூடாது. 'மூலம்' ஃபோல்டர் கிட்டுக்குள் போகவும் கூடாது. கிட் கவனிக்காத பட்டியலில் (.gitignore) அதை முதல் நாளே சேருங்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு. கிட்ஹப் இலவசமாகத் தளம் வெளியிடத் தரும் கிட்ஹப் பேஜஸில் வைக்கும் தளம் 1 ஜிபியைத் தாண்டக் கூடாது. மொபைல் படம் 5 எம்பி என்றால் 200 படத்தில் நிரம்பிவிடும். அகலத்தை 1600 பிக்சலாக்கி, ஜேபெக் தரத்தை 80 ஆக்கினால் பெரும்பாலான படங்கள் 300 கேபியை ஒட்டி வரும். அப்போது மூவாயிரத்துக்கு மேல் இடம் இருக்கிறது. பேருந்தில் மொபைல் டேட்டாவில் படிக்கிறவருக்கும் பக்கம் உடனே திறக்கும்.

ஃபைல் பெயர்களில் சின்ன எழுத்து மட்டும், இடைவெளி இல்லாமல். விண்டோஸும் வழக்கமான மேக்கும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. தளம் ஓடும் லினக்ஸ் சர்வர் பார்க்கும். கேமரா தரும் ஃபைலின் வால் (.JPG) பெரிய எழுத்திலும், பக்கத்தில் நீங்கள் எழுதியது சின்ன எழுத்திலும் இருந்தால் வீட்டில் படம் தெரியும், தளத்தில் தெரியாது. மேலே சொன்ன ஸ்கிரிப்டிலேயே பெயரையும் மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை அன்றோடு முடிந்தது.

4. முகவரிகளை முடிவு செய்யுங்கள்

தீம் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். பக்கத்தின் முகவரி மாறினால் அதுவரை யார் யார் சேமித்து வைத்திருந்தார்களோ அத்தனை பேருக்கும் இணைப்பு அறுந்துபோகும். ஆகவே கருவிக்கு முன் முகவரி.

ஆண்டு, அதன் பின் குறும்பெயர். நான் பரிந்துரைப்பது அவ்வளவுதான். வகையை முகவரியில் சேர்க்காதீர்கள். இன்று 'மாடி' என்று வைத்த வகையை அடுத்த ஆண்டு 'வீடு' என்று மாற்றத் தோன்றும்.

குறும்பெயரைத் தமிழில் வைக்கலாமா? வைக்கலாம், பிரவுசர் முகவரிப் பட்டையில் அழகாகத் தெரியும். ஆனால் நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பெரும்பாலும் விழுக்காட்டுக் குறிகளாக மாறிவிடும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூ.டி.எஃப்-8 முறையில் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் 3 எழுத்தாக விரியும். 'பறவை' என்ற சொல்லில் ப, ற, வ, ஐகாரக் குறி என நான்கு குறியீடுகள். ஆக 36 எழுத்து. நான்கு சொல் கொண்ட தலைப்பு திரை முழுக்க நீளும். இதனால் தலைப்பைத் தமிழிலும் முகவரியை ஆங்கில எழுத்திலும் வைக்கிறேன்.

5. இப்போது கருவி

இருபது பக்கம் வரை கையால் எழுதிய எச்.டி.எம்.எல் போதும். அதில் குறை ஒன்றும் இல்லை. அதற்கு மேல் போகும் என்று தோன்றினால் எழுத்துக் கோப்புகளிலிருந்து பக்கங்களை முன்கூட்டியே செய்துவைக்கும் நிலைத்தளக் கருவி ஒன்றை எடுங்கள்: ஹியூகோ, ஜெக்கில், இலெவன்ட்டி எதுவானாலும் சரி. டேட்டாபேஸ் இல்லாத தளம் என்பதால் ஹேக் ஆகும் வழிகள் குறைவு, மாதாமாதம் அப்டேட் செய்யும் வேலையும் குறைவு. உங்கள் எழுத்து மார்க்டவுன் (எளிய குறிகள் கொண்ட டெக்ஸ்ட்) ஃபைலாக உங்களிடமே இருக்கும்.

நான் ஹியூகோ பயன்படுத்துகிறேன். அதில் புதியவர்கள் நிற்கும் இடங்கள் மூன்று.

ஒன்று, வரைவு. கட்டளை கொடுத்து உருவாக்கும் புதுப் பக்கம் இயல்பாகவே வரைவு என்று குறிக்கப்பட்டிருக்கும். அதை மாற்றும்வரை தளத்தில் வராது. முன்னோட்டத்தை வரைவுகளோடு ஓட்டிப் பழகியவர், 'எனக்குத் தெரிகிறது, தளத்தில் இல்லை' என்று அரைநாள் தேடுவார்.

இரண்டு, நேரம். பக்கத்தின் தேதி எதிர்காலத்தில் இருந்தால் ஹியூகோ அதைச் சேர்க்காது. நேர மண்டலம் சொல்லாமல் காலை 6:40 என்று எழுதினால், அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். அது நமக்கு மதியம் 12:10. காலை எட்டு மணிக்கு ஏற்றினால் பக்கம் காணாமல் போயிருக்கும். ஒரு பிழைச் செய்தியும் வராது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி பில்ட் செய்தால் (பக்கங்களை உருவாக்கினால்) தானாக வந்து நிற்கும். காரணம் தெரியாமல் இதோடு பல வாரம் போராடியவரைப் பார்த்திருக்கிறேன். அமைப்புக் கோப்பில் நேர மண்டலத்தை 'ஏசியா/கொல்கத்தா' என்று ஒரு முறை எழுதிவிட்டால் தீர்ந்தது.

மூன்று, தீம். சப்மாட்யூலாக, அதாவது வேறொரு ரெப்போவுக்கான இணைப்பாக மட்டும் சேர்த்த தீம், வேறு கணினியில் சாதாரணமாக குளோன் செய்தால் வெற்று ஃபோல்டராக வரும். சின்னத் தளத்துக்கு தீமின் கோப்புகளை உங்கள் ரெப்போவிலேயே நகலெடுத்து வைப்பதுதான் நல்லது. பயன்படுத்திய ஹியூகோ பதிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்துப் புதுப் பதிப்பில் பழைய தீம் உடைந்தால், எந்தப் பதிப்புக்குத் திரும்புவது என்று தெரியும்.

6. தமிழ் சரியாகத் தெரியச் செய்யுங்கள்

தீம்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்தவை. கீழே சொல்வதை ஒரே உட்காரலில் மாற்றிவிடலாம்.

பக்கத்தின் மொழியைத் தமிழ் என்று அறிவியுங்கள். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் இதை வைத்துத்தான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கும். வரி உயரத்தை 1.7 அளவுக்குக் கூட்டுங்கள். 'கீ' மேலே சுழிக்கும், 'மூ' கீழே இறங்கும், ஆங்கிலத்துக்கான 1.4-இல் வரிகள் ஒன்றோடொன்று இடிக்கும். எழுத்து இடைவெளி கூட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். சாய்வெழுத்தும் வேண்டாம். தமிழ் ஃபான்ட்டுகளில் பெரும்பாலும் தனிச் சாய்வு வடிவம் கிடையாது, பிரவுசர் நேர் எழுத்தையே பிடித்துச் சாய்த்துவிடும். நீளமான சொல் மொபைல் திரையை மீறாமல் உடைய அனுமதியுங்கள். 'பார்த்துக்கொண்டிருந்தபோதெல்லாம்' போன்ற ஒரு சொல் பக்கத்தையே இடம் வலமாக ஆட வைக்கும்.

நீங்களே ஸ்கிரிப்ட் எழுதினால் ஒரு கண்ணி உண்டு. சொல்லெழுத்து மட்டும் வேண்டும் என்று ரெகெக்ஸில் (எழுத்து வடிவம் தேடும் முறையில்) வழக்கமான \w குறியைப் போட்டால், பைத்தானில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் கழிந்துபோகும். 'மைனா' வெறும் 'மன' ஆகிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் தமிழே மிஞ்சாது. தலைப்புகளுக்கு உள் இணைப்பு வேலை செய்யவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

7. முதலில் இலவச முகவரியில் ஏற்றுங்கள், டொமைன் பிறகு

டொமைனை, அதாவது சொந்த முகவரிப் பெயரை, முதலில் வாங்கியவர்கள், தளம் தெரியாதபோது பிழை பில்டிலா, டி.என்.எஸ்ஸிலா (பெயரை சர்வரோடு இணைக்கும் பதிவு), சான்றிதழிலா என்று பிரிக்க முடியாமல் திணறுவார்கள். கிட்ஹப் பேஜஸ் தரும் இலவச முகவரியில் தளம் சரியாகத் திறக்கட்டும். அதன் பின் டொமைன் சேர்க்கும்போது பழுது வந்தால், அது டொமைனில்தான் என்று உறுதியாகத் தெரியும்.

எழுத்து வருகிறது, வண்ணமும் அமைப்பும் வரவில்லை என்றால் அமைப்புக் கோப்பில் தளத்தின் அடிப்படை முகவரி தவறு. இலவச முகவரியில் பெரும்பாலும் ரெப்போவின் பெயரும் கடைசியில் சேர்ந்திருக்கும், அதையும் சேர்த்து எழுத வேண்டும். டொமைனுக்கு மாறும் நாளில் இதை மறுபடி மாற்ற மறக்காதீர்கள்.

டொமைன் வாங்கும்போது உரிமையாளர் விவரத்தை மறைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் படியில் மறைத்த வீட்டு முகவரி இங்கே வெளியாகக் கூடாது. டி.என்.எஸ்ஸில் கிட்ஹப் சொல்லும் நான்கு ஏ பதிவுகளையும் (சர்வர் எண்ணைக் காட்டுபவை) சேருங்கள். விற்பவர் முன்பே வைத்திருக்கும் விளம்பரப் பக்கத்தின் ஏ பதிவை நீக்குங்கள். அது இருந்தால் தளம் ஒரு நேரம் திறக்கும், ஒரு நேரம் விளம்பரம் வரும். மாற்றம் பரவ ஒரு நாள்வரை ஆகலாம். அதுவரை திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள், எந்த மாற்றம் வேலை செய்தது என்றே தெரியாமல் போகும். முகவரி சரியான பிறகு பாதுகாப்பான இணைப்பைக் கட்டாயமாக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள்.

8. ஆர்.எஸ்.எஸ்

வாசிப்பு ஆப்புகள் உங்கள் புதுக் குறிப்புகளைத் தானாக எடுத்துக்கொள்ளும் ஓடை இது. முழு உரையையும் அதில் கொடுங்கள், முன்னுரை மட்டும் வேண்டாம். படங்களின் முகவரி முழு முகவரியாக இருக்கட்டும், இல்லையென்றால் வாசிப்பு ஆப்பில் படம் வராது. வெளியிடும் முன் நீங்களே ஒரு ஆப்பில் சந்தா சேர்ந்து பாருங்கள்.

9. வாரத்தில் ஒரு நேரம்

எனக்கு ஞாயிறு காலை காபிக்குப் பிறகு அரை மணி நேரம். வாரம் முழுக்க மொபைலில் தட்டிய துண்டுகளை எடுத்து ஒரு குறிப்பாக்குவேன். அந்த அரை மணியில் தளத்தின் அமைப்பைத் தொடுவதில்லை என்பது விதி. திருத்த ஏதாவது தோன்றினால் ஒரு ஃபைலில் எழுதிவிட்டு நகர்வேன். நாம் எல்லோரும் கோடு எழுதுவதில் பிரியம் உள்ளவர்கள். ஒரு பட்டனைச் சரிசெய்ய உட்கார்ந்தால் ஞாயிறு அதிலேயே போய்விடும், பார்த்த பறவை எழுதப்படாமல் மறந்துபோகும். இருபது குறிப்பு சேரும்வரை தீமை மாற்ற மாட்டேன் என்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள்.

வாராவாரம் எழுத முடியாதவர்களுக்கு 'இப்போது' பக்கம் நல்ல வழி. எழுத்தாளரும் தொழில்முனைவோருமான டெரிக் சிவர்ஸ் 2015-இல் தொடங்கி வைத்த பழக்கம் அது: இந்த நாட்களில் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று ஒரே பக்கம், அடியில் எழுதிய தேதி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும். தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். தேதி இல்லாத 'இப்போது', எந்த இப்போது என்று யாருக்கும் தெரியாது.

10. காப்பும் புதுப்பித்தலும்

கிட்ஹப்பில் இருக்கிறதே, அது போதாதா என்பார்கள். அங்கே இருப்பது சுருக்கிய படம்தான். 'மூலம்' ஃபோல்டர் உங்கள் லேப்டாப்பில் மட்டும் இருக்கிறது. மாதம் ஒரு முறை அதையும் ரெப்போவையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள்.

டொமைனுக்குத் தானியங்கிப் புதுப்பித்தலை நம்பாதீர்கள். தொடர் பிடித்தங்களுக்கான ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிறகு, இந்திய அட்டையில் பல வெளிநாட்டு நிறுவனங்களின் பிடித்தம் தோற்றுப்போகிறது. நண்பர் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. எச்சரிக்கை மின்னஞ்சல்கள் அவர் விட்டுவந்த பழைய அலுவலக முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆறு ஆண்டு சைக்கிள் குறிப்புகள் இருந்த முகவரியில் இன்று யாரோ கடன் விளம்பரம் போட்டிருக்கிறார்கள். குறிப்புகள் அவரிடம் பத்திரமாக இருக்கின்றன, ஆனால் அந்த முகவரியைத் தேடி வந்தவர்களுக்கு அது தெரியாது.

ஆகவே டொமைன் கணக்கில் என்றும் உங்களோடு இருக்கும் மின்னஞ்சலைக் கொடுங்கள். முடியும் நாளுக்கு 60 நாள் முன்பும் 30 நாள் முன்பும் மொபைல் காலண்டரில் நினைவூட்டல் வையுங்கள். முடிந்தால் மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. இன்றே வேறொரு கணினியில், அல்லது வேறொரு ஃபோல்டரில், ரெப்போவைப் புதிதாக குளோன் செய்து தளத்தை பில்ட் செய்து பாருங்கள். தேன்சிட்டு குறிப்பு படத்தோடு திறக்க வேண்டும். திறக்கவில்லையென்றால் விடுபட்டது எதுவென்று இப்போதே தெரிந்துவிடும், பழைய லேப்டாப் கையில் இருக்கும்போதே அதைச் சேர்த்துவிடலாம்.